ஒரே யந்திரம், இரண்டு வேகம்

(குன்னத்தில் நடைபெற்ற விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



களைவெட்டு முடிந்து கை கழுவியும் கழுவாமலும் வந்திருக்கிறீர்கள். ஆலைத் தோழர்கள் சிலர் ஷிப்டு முடிந்த கையோடு வந்திருக்கிறார்கள். உங்களை நெடுநேரம் உட்காரவைக்க மாட்டேன். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்த நாட்டில் எந்தக் காரியமும் ஏன் நகர மாட்டேன் என்கிறது? அதுதான் விஷயம்.

போன மாதம் ஒரு வாலிபன் என்னிடம் வந்தான். டிப்ளமா படித்தவன். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது, துபாய்க்குப் போகிறான். "அண்ணே, நீங்க சங்கம், கொடி, மனுன்னு அலையிறீங்க. இந்த நாடு நம்ம சாத்தனூர்க் கல்மரம் மாதிரி. பாத்தா மரம், தொட்டா கல்லு. தண்ணி ஊத்தினா தழைக்குமா?" என்று கேட்டான்.

சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 12 கோடி வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்தபோது மண்ணில் புதைந்து கல்லாகிப் போன மரம் அது. 18 மீட்டர் நீளம் கிடக்கிறது. 1940-ம் வருஷம் மண்ணியல் நிபுணர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அந்த மரத்தைக் காட்டித்தான் அந்தப் பையன் நம் சர்க்காரைச் சொன்னான்.

நான் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். மீதிப் பாதி பொய். அது யாருக்கு லாபமான பொய் என்பதைப் பிறகு பார்ப்போம்.

நகராத காரியங்கள்

நம் மாவட்டத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் அமைத்தார்கள். 2001 ஜனவரி 1-ல் அதிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2002-ல் வேண்டாம் என்று திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் பிரித்தார்கள். ஆறேழு வருஷத்துக்குள் ஒரே ஜனங்களைப் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்துவிட்டார்கள். பலகை எழுதுகிறவனுக்கு வேலை கிடைத்தது. ஜாதிச் சான்றிதழுக்கும் நிலப் பத்திரத்துக்கும் எந்த ஊர் ஆபீசுக்குப் போவது என்று தெரியாமல் நின்றவன் யார்? நீங்களும் நானும்தான்.

மாவட்டம் உண்டாகி முப்பது வருஷம் ஆகிவிட்டது. மாவட்டத் தலைநகரான பெரம்பலூரில் இன்றுவரை ரயில் இல்லை. அரியலூர் வழியாக விழுப்புரம்–திருச்சி ரயில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஓடுகிறது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக நாமக்கல் பக்கம் ஒரு பாதை வேண்டும் என்ற கோரிக்கைக்கு நரை விழுந்துவிட்டது. தேர்தல் வந்தால் அந்த ரயில் மேடையில் ஓடும். தேர்தல் முடிந்தால் ஷெட்டுக்குப் போய்விடும். நம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் லாரிக்காரன் கேட்கிற வாடகையில் போகின்றன.

ஜெயங்கொண்டம் பக்கம் போங்கள். பழுப்பு நிலக்கரி எடுக்கப் போகிறோம், மின்சாரம் தயாரிக்கப் போகிறோம் என்று 1990-களின் பிற்பகுதியில் பதின்மூன்று கிராமங்களில் எண்ணாயிரம் ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தினார்கள். கொடுத்த நஷ்டஈடு பற்றாது என்று ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இந்த வழக்குகளுக்கென்றே தனிக் கோர்ட்டு வைக்க வேண்டிய நிலை வந்தது. நிலக்கரி வந்ததா? ஒரு கூடைகூட வரவில்லை. சுமார் கால் நூற்றாண்டு கழித்து, திட்டம் வேண்டாம், நிலத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அதுவரை அந்த விவசாயி தன் நிலத்தில் உழுதான். ஆனால் நிலம் அவன் பெயரில் இல்லை. கடன் கேட்டால் பாங்கி பட்டா கேட்டது. மகள் கல்யாணத்துக்கு ஒரு குழி விற்கலாம் என்றால் விற்க வழியில்லை. கல்யாணமான பெண் பாட்டியாகிவிட்டாள், பட்டா வந்துசேரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருமாந்துறை, எறையூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லி சுமார் 3,000 ஏக்கர் கைமாறியது. 2007-ஐ ஒட்டிய வருஷங்களில் நடந்த காரியம் இது. வேலை வரும், வீட்டுக்கு ஒருவன் சம்பளம் வாங்குவான் என்றார்கள். பல வருஷம் அங்கே வளர்ந்தது சீமைக் கருவேலம்தான். 2022 நவம்பரில்தான் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா என்றும் காலணி ஆலை என்றும் விழா நடந்தது. நிலத்தைக் கொடுத்தவனின் மகனுக்கு அதற்குள் நாற்பது வயதாகிவிட்டது. ஆலைக்கு வேண்டியதோ இருபது வயசுக் கைகள்.

ஆகவே அந்த வாலிபன் வயிறெரிந்து சொன்னதில் தவறில்லை. நாடு முழுவதும் கோர்ட்டுகளில் 5 கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. வழக்குப் போட்டவன் ஒருபுறம், போடப்பட்டவன் ஒருபுறம் என்று கணக்குப் பார்த்தால், காத்திருக்கிற ஜனங்கள் ஒரு தேசம் ஆவார்கள்.

ஆனால் இது கல்மரமா?

இப்போது மறு பாதிக்கு வருவோம்.

திருமாந்துறைச் சுங்கச்சாவடியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? 2021 பிப்ரவரி முதல் அங்கே பாஸ்டேக் கட்டாயம். வண்டி நிற்பதற்குள் காசு போய்விடுகிறது. டிரைவர் பையில் கையைவிட வேண்டியதில்லை. ரசீது செல்போனில் விழுகிறது. எங்கோ இருக்கிற பாங்கியிலிருந்து, இங்கே இருக்கிற சாவடிக்கு, கண் இமைக்கும் நேரத்தில் பணம் மாறுகிறது. இது கல்மரத்தின் வேலையா?

2019 செப்டம்பர் 20-ந் தேதி கம்பெனிகளின் வருமான வரி விகிதத்தை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார்கள். நாடாளுமன்றம் கூடவில்லை. விவாதம் இல்லை. நிதி மந்திரி அறிவித்த அன்றைக்கே அவசரச் சட்டம் வந்துவிட்டது. இதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் விட்டுப்போகும் என்று சர்க்காரே சொன்னது. எந்த முதலாளியாவது மனுவோடு பஸ் ஏறிப் போய், "நாளைக்கு வா" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பினானா?

அதே சர்க்காரின் இன்னொரு காரியத்தைப் பாருங்கள். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலை செய்த பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று சொன்னது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலிப் பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று முதல் மந்திரி பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுதினார். மார்ச் மாதம் அந்தப் பாக்கி 4,034 கோடி என்று சொல்லி, மாநிலத்தில் ஆளும் கட்சியே தெருவில் நின்று ஆர்ப்பாட்டம் செய்தது. பொங்கலுக்கு வரவேண்டிய கூலி, பங்குனி பிறந்தும் வரவில்லை. நம் தாய்மார்கள் எத்தனை பேர் மளிகைக் கடையில் கணக்குச் சொல்லி நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தாமதத்துக்கு அபராதம் உண்டு என்றும் அந்தச் சட்டம் சொன்னது. எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 0.05 சதவிகிதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024–25-ல் தமிழ்நாட்டுக்குக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். ஆறு நாள் வேலைக்கு 1,914 ரூபாய். இதைத் தாமதப்படுத்தினால் ஒரு நாளைக்கு நஷ்டஈடு சுமார் 96 காசு! கடையில் ஒரு மிட்டாய்கூட வராது. அந்த 96 காசையும் கொடுக்க மனமில்லாமல், மத்திய சர்க்கார் மட்டத்தில் நடக்கிற தாமதத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டிக்க வேண்டியிருந்தது. கடைசியில் 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். கூலி கொடுப்பதில் இல்லாத சுறுசுறுப்பு, சட்டத்தை மாற்றுவதில் வந்துவிட்டது!

தோழர்களே, இப்போது சொல்லுங்கள். யந்திரம் பழுதாகிவிட்டதா? இல்லை. யந்திரம் ஒன்றுதான், அதற்கு வேகம் இரண்டு. நம்மிடமிருந்து எடுக்கும்போது ஒரு வேகம், நமக்குக் கொடுக்கும்போது ஒரு வேகம். நிலத்தை எடுக்க நோட்டீஸ் வந்தது வேகமாக. நிலம் திரும்பி வந்ததோ கால் நூற்றாண்டு கழித்து. ஆலைத் தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு பக்கம் கதிர் பறக்கிறது, மறுபக்கம் அசையவில்லை என்றால், மிஷினின் தலைவிதி என்று எந்த பிட்டராவது சொல்வானா? பெல்ட் எங்கே மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பான். நாமும் குனிந்து பார்க்க வேண்டும்.

தாமதம் என்பது சோம்பேறித்தனம் மட்டுமல்ல. தாமதம் ஒரு வரி. கூலிக்காரனிடம் மட்டும் வசூலிக்கப்படுகிற வரி. அதை ரூபாயாக வாங்குவதில்லை; நம் நாட்களாக வாங்குகிறார்கள்.

ஆபீஸ் கிளார்க்கைத் திட்டினால் போதுமா?

நம்மில் பலர் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று கிளார்க்கைத் திட்டுகிறோம். லஞ்சம் வாங்குகிறவனைத் திட்டத்தான் வேண்டும். அதில் தயவு கூடாது. ஆனால் அவன் மேசையில் மூன்று பேர் வேலை இருக்கிறது. இரண்டு இடம் காலி. ஆள் போட மாட்டார்கள். சர்வேயர் ஒருவர் இருந்தால் அவருக்கு எத்தனை கிராமம்? ஆள் போடாமல் மிச்சம் பிடிக்கிற சம்பளம் எங்கிருந்து வருகிறது? உங்கள் காத்திருப்பிலிருந்து வருகிறது.

முன்னொரு காலத்தில் பொறுப்பு என்று ஒரு சொல் இருந்தது. 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலை, அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. சுமார் 150 பேர் மாண்டார்கள். அந்தப் பிணங்களை எடுத்தவர்கள் நம் பாட்டன்மார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அவர் நம் கட்சிக்காரர் அல்ல, காங்கிரஸ்காரர். பாலத்தை அவர் கட்டவுமில்லை. ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்றார். 2023 ஜூன் 2-ல் ஒடிசாவில் பாலசோர் பக்கம் ரயில்கள் மோதி 290 பேருக்கு மேல் மாண்டார்கள். மந்திரி பதவி விலகவில்லை. இந்த 67 வருஷத்தில் ரயில் வேகமாகிவிட்டது, பொறுப்புதான் நின்றுவிட்டது. ஒருவர் ராஜினாமா செய்தால் பாலம் பலமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மேலே இருக்கிறவன் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றால், கீழே இருக்கிற கிளார்க் ஏன் பதில் சொல்லப் போகிறான் என்றுதான் கேட்கிறேன்.

1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டசபைத் தேர்தலிலும் இரண்டு கட்சிகளில் ஒன்றுதான் கோட்டைக்குப் போனது. அவர்கள் செய்த நல்லதை மறைக்க வேண்டாம். சத்துணவு வந்தது, ரேஷன் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. அவையும் ஜனங்கள் கேட்டதால் வந்தவைதான். ஆனால் நிலம், கூலி, கணக்குக் கேட்கும் உரிமை என்று வந்தால் இரண்டு பேரும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகளாகிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு சுயவிமர்சனமும் வேண்டும், தோழர்களே. நாமும் ஒருமுறை இவர் மேடையில், ஒருமுறை அவர் மேடையில் ஏறினோம். அந்தந்த நேரத்துக்குக் காரணம் இருந்தது. காரணம் இருந்தாலும் ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "இவங்களும் அப்படித்தான்" என்று ஒரு கிழவர் சொன்னால் அவரைத் திட்டி அனுப்ப நமக்கு உரிமை கிடையாது.

என் பெட்டியில் இருந்த மனுக்கள்

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. பத்தாவதோடு நின்றவன். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதனால் மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் வேலை செய்கிற ஒரு கிராமத்தில் 41 குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள். பந்தல் போட்டு, மைக் வைத்து, மாலை போட்டுக் கொடுத்தார்கள். ஆளுக்கு மூன்று சென்ட். காகிதம் கைக்கு வந்தது, நிலம் வரவில்லை. எந்த மூன்று சென்ட், எங்கே இருக்கிறது என்று அளந்து காட்ட எவரும் வரவில்லை. பட்டாவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூரையில் செருகி வைத்தார்கள். மழையில் கூரை ஒழுகும், பட்டா நனையாது.

நான் மனு எழுதினேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஒன்று. ஜமாபந்திக்கு ஒன்று. மந்திரி வந்தால் ஒன்று. எழுதிய ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து ஒரு தகரப் பெட்டியில் வைத்தேன். நாலு வருஷத்தில் 31 நகல் சேர்ந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "மனு கொடுத்திருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றேன். நல்ல வேலை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ எழுதுற மனுவெல்லாம் அழகாத்தான் இருக்கு. அதுக்குள்ள நாங்க எப்பக் குடிபோறது?" என்று கேட்டார். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து அந்த அம்மாவின் கணக்கைப் போட்டேன். அவர் பதினொரு தடவை ஆபீசுக்கு நடந்திருக்கிறார். ஒரு நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்தாலும் 3,300 ரூபாய் போயிற்று. பஸ் சார்ஜ் தனி. சர்க்கார் இனாமாகக் கொடுத்ததாகச் சொல்லும் மூன்று சென்ட்டுக்கு, அவர் தவணை கட்டிக்கொண்டிருந்தார்! 41 குடும்பத்துக்கும் சேர்த்துப் பாருங்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. "பொறுங்கள்" என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும், அந்த வரியை வசூலிக்கிற வேலையை நானே செய்திருக்கிறேன். தாமதத்துக்கு நான் சம்பளமில்லாத குமாஸ்தாவாக இருந்திருக்கிறேன்.

மறுவாரம் மனு எழுதவில்லை. 41 குடும்பமும் பட்டாவோடு, குழந்தைகளோடு, சோற்றுச் சட்டியோடு ஆபீஸ் வாசலுக்குப் போனோம். கூச்சல் போடவில்லை. "எங்கள் இடத்தைக் காட்டுங்கள், காட்டும்வரை இதுதான் எங்கள் இடம்" என்றோம். முதல் நாள் மிரட்டினார்கள். இரண்டாம் நாள் சமாதானம் பேசினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். நாலு வருஷம் வராத சங்கிலி மூன்று நாளில் வந்தது. 28 குடும்பங்களுக்குக் கல் நட்டாயிற்று. அந்த அம்மா தன் கல்லின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி களைவெட்டப் போனார்.

வெற்றி விழா கொண்டாட நான் இதைச் சொல்லவில்லை. 13 குடும்பங்கள் பாக்கி. அவர்களுக்குக் கொடுத்த மனை ஓடைப் புறம்போக்கில் விழுகிறது என்று சொல்லி நிறுத்திவைத்திருக்கிறார்கள். பட்டா கொடுத்த அன்று பந்தலில் இருந்தவர்களுக்கு ஓடை தெரியவில்லையாம்!

நகர்த்தினால் நகரும்

இது ஒரு கிராமத்தின் கதை மட்டுமல்ல. 2020 செப்டம்பரில் மூன்று விவசாயச் சட்டங்களை அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். நவம்பர் 26 முதல் விவசாயிகள் டில்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். குளிர், வெயில், மழை எல்லாம் பார்த்தார்கள். ஒரு வருஷம் எழுந்திருக்கவில்லை. 2021 நவம்பர் 19-ல் வாபஸ் என்றார் பிரதமர். 29-ந் தேதி நாடாளுமன்றத்தில் விவாதமே இல்லாமல் சில நிமிஷங்களில் சட்டம் ரத்தாயிற்று. கல்மரம் நகர்ந்ததா இல்லையா?

வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20-ல், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆட்கள் அந்த மலைவாழ் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாழ்படுத்தினார்கள். அடிக்கப் போவதற்கு மூன்று இலாகாவும் ஒரே நாளில் ஒன்று சேர்ந்தன. அங்கே பைல் தேங்கவில்லை. நியாயத்துக்கோ 2011 செப்டம்பர் 29 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அப்பீல் போனது. 2023 செப்டம்பர் 29-ல் ஹைகோர்ட் தீர்ப்பை உறுதி செய்தது. 31 வருஷம்! அந்தப் பெண்கள் ஒரு வாய்தாவுக்கும் சளைக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் தோழர்களும் கூடவே நடந்தார்கள். "இந்த நாடு நகராது" என்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால், அந்த 215 பேரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

இதுதான் நான் சொன்ன பொய். "இந்த நாட்டில் ஒன்றும் நடக்காது" என்பது களைத்துப் போனவன் வாயில் பெருமூச்சு. ஆள்கிறவன் காதில் அது நல்ல செய்தி. நாம் நம்பிக்கை இழந்து வீட்டில் இருந்தால் அவனுக்குப் போலீஸ் செலவுகூட மிச்சம்.

துபாய் போகிற அந்த வாலிபனுக்கு நான் சொன்னது இதுதான்: "போய் வா தம்பி. வீட்டுக் கடன் அடைய வேண்டும். ஆனால் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு போகாதே. 2022 உலகக் கால்பந்துக்குக் கத்தாரில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்களில் பலர் சம்பளப் பாக்கிக்காக அலைய வேண்டியிருந்தது. மைதானம் குறித்த நாளில் முடிந்தது, கூலிதான் முடியவில்லை. இரண்டு வேகம் அங்கேயும் உண்டு. உன் பாஸ்போர்ட்டை உன் கையில் வைத்துக்கொள். பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் எந்த நாட்டுக்காரனானாலும் அவனோடு பேசு." அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஏர்போர்ட் போகிற அன்று, "அந்தப் பதின்மூணு வீடு என்னாச்சுன்னு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கண்ணே" என்றான். அந்தப் பதின்மூன்றில் அவன் அத்தை வீடும் ஒன்று.

செய்ய வேண்டியது

ஆகவே, தோழர்களே, கைதட்டிவிட்டுக் கலையாதீர்கள். மூன்று வேலை இருக்கிறது.

முதலாவது, ஒவ்வொரு கிராமத்திலும், ஒவ்வொரு ஆலை வாசலிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தாமதக் கணக்கு என்று அட்டையில் எழுதுங்கள். யார், எதற்கு, என்றைக்கு மனுக் கொடுத்தார். ரசீது எண் என்ன. எத்தனை தடவை நடந்தார். எவ்வளவு கூலி போயிற்று என்று பதியுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதட்டும். நம் நஷ்டத்துக்கு நம்மிடமே கணக்கு இல்லாததால்தான் அவர்கள் நமக்குச் சலுகை கொடுத்ததாகப் பேசுகிறார்கள்.

இரண்டாவது, இருக்கிற சட்டத்தை உபயோகியுங்கள். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி முப்பது நாளில் பதில் தர வேண்டும். தவறினால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே, குறித்த நாளில் சான்றிதழ் தராத அதிகாரி கைக்காசில் அபராதம் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பது பழைய கோரிக்கை. அதைப் புதிய குரலில் கேட்போம். சட்டம் மட்டும் காரியம் செய்யாது. பின்னால் ஆள் நின்றால்தான் செய்யும்.

மூன்றாவது, தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போகிறவனுக்கு "நாளைக்கு வா." கூட்டமாகப் போகிறவர்களுக்கு நாற்காலி போடுவார்கள். விவசாயத் தொழிலாளி மனுவுக்கு ஆலைத் தொழிலாளி கூட வரட்டும். ஆலைத் தொழிலாளியின் பி.எப். பாக்கிக்கு விவசாயத் தொழிலாளி கூட வரட்டும். ஒருவன் காத்திருப்பை இன்னொருவன் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

வருகிற திங்கட்கிழமை காலை அந்தப் பதின்மூன்று குடும்பங்களோடு நாம் போகிறோம். ஓடை எங்கே, மனை எங்கே என்று அளந்து காட்ட வேண்டும். இது ஓடைதான் என்றால் மாற்று இடம் என்றைக்கு, எங்கே என்று எழுத்தில் தர வேண்டும். இவ்வளவுதான் கேட்கப் போகிறோம். சோற்றுச் சட்டியை மறக்காதீர்கள். எத்தனை நாள் ஆகும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இந்தத் தடவை "பொறுங்கள்" என்றும் சொல்ல மாட்டேன்.

சாத்தனூரில் கிடக்கிற மரம் கல்லாகப் பல கோடி வருஷம் ஆயிற்று. அது இனி தழைக்காது. ஆனால் ஆபீசும் கோர்ட்டும் சட்டசபையும் மனிதர்கள் செய்தவை. மனிதர்கள் பெல்ட்டை ஒரு பக்கம் மாட்டினார்கள். மனிதர்கள்தான் அதை மறுபக்கம் மாற்றி மாட்ட வேண்டும். அந்தக் கைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன.

திங்கட்கிழமை சந்திப்போம்.